பீரங்கிக்காரரின் மேல்முறையீடு

“எந்த உறுப்புன்னு எழுதாம விட்டுட்டீங்களே சார்?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் அவள் வாய்க்கு முன்னால் ஒரு மைக் இருந்தது. அதில் போன குரல் கூடத்தின் நாலு மூலையிலும் இருந்த ஒலிபெருக்கிகள் வழியாக வந்தது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அன்று காலை வரிசையில் நின்ற எல்லோரும் பீரங்கிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தெருவில் அவருக்கு அதுதான் பெயர். படையில் பீரங்கிப் பிரிவில் இருந்தவர். வாசல் நிலையில் குனிந்துதான் நுழைய வேண்டிய உயரம், முறுக்கிவிட்ட மீசை, கடைக்குப் போய் பல்பு வாங்கி வந்தாலும் அணிவகுப்பு நடை. அப்பேர்ப்பட்ட ஆள் கவுண்டரின் சின்ன ஓட்டைக்கு முகத்தைக் கொண்டுபோய், “அது… கீழ… கொஞ்சம் உள்ளுக்குள்ள…” என்று முனகினார்.

“சுத்தமா வேலை செய்யலையா, இல்ல அப்பப்போ செய்யுதா?” என்று ஒலிபெருக்கி கேட்டது.

வரிசையில் யாரோ இருமினார்கள்.

“செய்யலம்மா.”

“சத்தமாச் சொல்லுங்க சார்.”

“செய்யல!”

பழக்கதோஷத்தில் அது பீரங்கி மேட்டில் கட்டளையை ஒப்பிக்கிற குரலில் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கே பாவமாகப் போயிற்று. பேனாவை எடுத்து, ‘உள்ளுறுப்பு செயலிழப்பு’ என்று தானே எழுதி, “சரிதானே சார்?” என்று திருப்பிக் காட்டினாள். அவள் மண்ணீரல் என்று எழுதியிருந்தாலும் அந்த நேரத்தில் அவர் தலையாட்டியிருப்பார். ஆட்டிவிட்டு, வரிசையின் முகங்களைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். கல்யாணமான புதிதில், பீரங்கியை இழுத்துக்கொண்டு மலைப்பாதையில் போன லாரி பள்ளத்தில் கவிழ்ந்தது. அவருக்கு முதுகுத்தண்டில் அடி. மாதக்கணக்கில் படுத்திருந்து எழுந்தார். நடந்தார். மீசை வளர்ந்தது. ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, மனைவியும் கேட்கவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

போன மாதம் முதுகைக் காட்டப் போனபோது புதிதாக வந்த டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, “குடும்ப வாழ்க்கை எப்படிப் போகுது?” என்று கேட்டார்.

“நல்லாப் போகுதுங்க. கரண்ட் பில்தான் கொஞ்சம் அதிகமா வருது.”

“நான் அதைக் கேக்கல.”

பிறகு டாக்டர் ஒரு தாளில் முதுகெலும்பு படம் போட்டு, எந்த நரம்பு எங்கே போகிறது, எது நசுங்கினால் எது நின்றுபோகும் என்று காட்டினார். “வயரு அறுந்தா விளக்கு எரியாது. விளக்கு மேல என்ன தப்பு? இது குறை இல்லைங்க, காயம். பணியில பட்ட காயம். விண்ணப்பம் போடுங்க, ஒத்துக்குவாங்க” என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

காயம் என்ற அந்தச் சொல்லைப் பீரங்கிக்காரர் பஸ்ஸில் வழியெல்லாம் மென்றுகொண்டே வந்தார். இத்தனை காலம் அதற்கு அவர் மனசில் வேறு பெயர் வைத்திருந்தார். சட்டையைக் கழற்றிக் காட்டினால் நாலு பேர் மரியாதையாகப் பார்க்கிற சமாச்சாரம் காயம். அரசாங்கமே அதை எழுதிச் சீல் வைத்துக் கொடுத்தால் வேறென்ன வேண்டும்? டாக்டரின் சீட்டை விண்ணப்பத்தோடு பின் குத்தினார். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்வதற்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பதில் வந்தபோது அவர் வீட்டில் இல்லை. திரும்பி வந்தால், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள் மனைவி. கையில் கடிதம்.

“என்னங்க இது?”

வாங்கிப் பார்த்தார். தங்களது உள்ளுறுப்பு செயலிழப்பு தொடர்பாக மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் பரிசோதனைக்கு ஆஜராகவும் என்று போட்டிருந்தது. டாக்டரின் சீட்டு எந்த மேசையில் கழன்று விழுந்ததோ! ‘கீழே, உள்ளுக்குள்ளே’ என்றால் சிறுநீரகம்தான் என்று அங்கே யாரோ முடிவு கட்டியிருந்தார்கள்.

அவருக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. இருட்டில்கூட நாம் பேசிக்கொள்ளாத ஒன்றை நான் வரிசையில் நின்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று சொல்லலாம். இல்லையென்றால், கிட்னி. கிட்னி சுலபமாக இருந்தது.

“ஒண்ணுமில்ல. லேசா ஒரு சந்தேகம்தான்” என்றார்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ பயந்துடுவேன்னு.”

அன்று மதியச் சாப்பாட்டில் உப்பு இல்லை. இரவும் இல்லை. மறுநாள் காலையில், ஊருக்கு வெளியே டயர் கடை வைத்திருக்கும் மச்சினன் ஒரு பையோடு வந்து இறங்கினான். வந்ததும் காலைக்கூடக் கழுவாமல் பீரங்கிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, எனக்கு ரெண்டு இருக்கு.”

“என்னது?”

“கிட்னி. ஒண்ணு ஓடுறதுக்குப் போதும். ஸ்டெப்னியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? உங்களுக்குத்தான்.”

“அதெல்லாம் வேண்டாம் மாப்ளே.”

“பேசாதீங்க. நேத்தோட குடியை விட்டுட்டேன். சரக்கு சுத்தமா இருக்கணும்ல?”

அவன் கண் கலங்கியிருந்தது. இத்தனைக்கும் போன வருஷம் ஒரு ஏணி கடன் கேட்டதற்குக் கொடுக்காதவன். மனிதன் இப்படி உருகி நிற்கும்போது விஷயம் கிட்னியே இல்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா.

அவருடைய அக்கா ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நாற்காலிகள்கூட நிமிர்ந்து உட்காரும். வந்தவுடன் தம்பியின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். முகம் வீங்கியிருக்கிறது என்றாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டாள்.

“ஒரு பிள்ளை இருந்திருந்தா இந்த நேரத்துக்கு ஓடியாடி நின்னிருக்கும். அதுக்குத்தான் இந்த வீட்டுல வழியில்லாமப் போச்சே. வந்தவ சரியா இருந்தா…”

உள்ளே காய் நறுக்குகிற சத்தம் நின்றது. ஒரு மூச்சு நேரம் கழித்து மறுபடி தொடங்கியது. அக்கா இதைச் சொல்வது புதிதல்ல. கத்திச் சத்தம் நிற்பதும் புதிதல்ல. ஆனால் பையிலே காயம் என்ற சொல்லை வைத்திருக்கிற மனிதருக்கு அன்றைக்கு அது வேறு மாதிரிக் கேட்டது.

“அக்கா, இது கிட்னி இல்லக்கா” என்றார் மெதுவாக. “நரம்பு.”

“நரம்பா?” அக்கா எழுந்தேவிட்டாள். “என்ன நரம்பு? பஸ் ஸ்டாண்டு சுவர் பூராவும் எழுதிப் போட்டிருக்கானே, நரம்புத் தளர்ச்சின்னு, அதுவா?”

மச்சினன் மாமாவைப் பார்த்தான். பக்கத்து வீட்டு நர்ஸ் நலம் விசாரிக்க வந்தவள் வாசலிலேயே நின்று பார்த்தாள்.

“கிட்னிதான்கா” என்றார் பீரங்கிக்காரர். “ரெண்டு கிட்னியும்தான்.”

சிறுநீரகப் பிரிவில் ஒரு இளம்பெண் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினாள். “இந்த வயசுல இப்படி ஒரு ஜோடியை நான் பார்த்ததே இல்ல சார். பாடப்புத்தகத்துல போடலாம்.” அதையே நல்ல தமிழில் எழுதி நல அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டாள். விண்ணப்பம் தள்ளுபடி ஆயிற்று. உள்ளுறுப்புகள் யாவும் செவ்வனே இயங்குவதால் கோரிக்கைக்கு முகாந்திரம் இல்லை.

வீட்டில் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்று சொல்லி வைத்தார். மச்சினன் கிளம்புகிற வழியாக இல்லை. அவனுக்கும் சேர்த்து உப்பில்லாமலே சமையல் நடந்தது.

வேறு வழியில்லாமல் முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளரைப் பார்க்கப் போனார். செயலாளர் படையில் சமையல்காரராக இருந்தவர். ஆனால் விதி, உட்பிரிவு, அரசாணை என்று அவர் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தானே குற்றம் செய்தவர் மாதிரி நெளிவார். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“தப்பு எங்க தெரியுமா? மூடி மூடிப் பேசினது. அரசாங்கத்துக்குப் பூசி மெழுகினா புரியாது. நேராப் போடணும்.”

அவரே போட்டார். ‘ஆண்மைக் குறைவு’ என்று பெரிய எழுத்தில் எழுதி, அடியில் சிவப்புக் கோடும் இழுத்தார். முதுகு டாக்டரிடம் புதுச் சீட்டு வாங்கி இணைத்தார். அத்தோடு நிற்கவில்லை. சாட்சி என்ற இடத்தில் ‘மனைவி’ என்று எழுதினார்.

“அவளை எதுக்கு?” என்று பதறினார் பீரங்கிக்காரர்.

“பின்ன? இந்தக் கேஸுக்கு வேற யாரைச் சாட்சியாப் போடறது?”

விசாரணை நாள் குறித்து வந்தது. மனைவியையும் அழைத்து வரவேண்டும் என்றிருந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றார். படையில் கற்றுக்கொண்ட அத்தனை துணிச்சலையும் திரட்டிக்கொண்டார்.

“குழுவுல என் உடம்பைப் பத்தி உன்கிட்ட கேப்பாங்க. மறைக்காம உள்ளதைச் சொல்லிடு.”

“கிட்னியைப் பத்தியா?”

தொண்டையைச் செருமினார். “அந்த ஏரியாதான்.”

அவளுக்கு அன்று தூக்கமே இல்லை. குழு என்றால் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கத்தான் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு நர்ஸிடம் கேட்டாள். “ஒழுங்காப் போறாரா, எத்தனை தடவை போறார், அதைத்தான் முக்கியமாக் கேப்பாங்க அக்கா. அது சரியா இருந்தா கத்தி வைக்க மாட்டாங்க” என்றாள் நர்ஸ். அதற்கப்புறம் பீரங்கிக்காரர் எழுந்து பின்பக்கம் போகும்போதெல்லாம் மனைவி கவனமாகப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டாள். எப்படியும் இவரைக் கத்தியிலிருந்து காப்பாற்றிவிடுவது என்று தீர்மானமாக இருந்தாள்.

விசாரணை அறையில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர் கண்ணியமான மனிதர். பெண்பிள்ளையிடம் பச்சையாகக் கேட்க அவருக்கு நா எழவில்லை.

“அம்மா, கூச்சப்படாம சொல்லணும். வீட்டுல இவரோட அந்த… செயல்பாடு எப்படி இருக்கு?”

“இதுல என்ன சார் கூச்சம்? உடம்புன்னு இருந்தா அதெல்லாம் இருக்கத்தானே செய்யும்? நல்லா இருக்கு.”

“நல்லா இருக்கா?”

“ஒரு குறை சொல்ல முடியாது. காலைல கண்ணு முழிச்ச உடனே ஒரு தடவை. டீ குடிச்சா உடனே ஒரு தடவை.”

தலைவருக்கு வலப்பக்கம் இருந்த டாக்டரின் பேனா நின்றது.

“பகல்லயுமா?” என்றார் தலைவர்.

“பகல் என்ன, ராத்திரி என்ன சார்? நல்ல தூக்கத்துலகூட எழுந்திரிச்சுடுவார். குளிர் நாள்னா சொல்லவே வேண்டாம், கணக்கே கிடையாது.”

“சார், ஒரு நிமிஷம்…” என்று எழுந்தார் பீரங்கிக்காரர்.

“நீங்க குறுக்கிடக் கூடாது” என்றார் தலைவர். அவர் குரலில் முன்பு இல்லாத ஒரு மரியாதை சேர்ந்திருந்தது. “வெளியூர் போற சமயத்துல எப்படிம்மா?”

“அதுதான் சார் தொல்லை. பாதி வழியில பஸ்ஸை நிறுத்தச் சொல்லிடுவார். ஒரு மரம், ஒரு புதர் இருந்தாப் போதும்.”

“நீங்களும்…?”

“நான் எதுக்கு சார் இறங்கறேன்? நான் பாட்டுக்கு சீட்டுல உட்கார்ந்திருப்பேன். அவர் முடிச்சுட்டு வருவார்.”

இடப்பக்கம் இருந்தவர் தண்ணீர் குடித்தார். டாக்டர்தான் சமாளித்துக்கொண்டு கேட்டார்:

“வலி, சிரமம் ஏதாவது?”

“துளிக்கூட இல்ல. சினிமாவுக்குப் போனாத்தான், இடைவேளை வரைக்கும் அடக்கிட்டு உட்கார்ந்திருக்கக் கஷ்டப்படுவார்.”

“வயசாக ஆகக் குறைஞ்சிருக்குமே?”

“கூடியிருக்கு சார்!” என்றாள் அவள் வெற்றியோடு.

பீரங்கிக்காரர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடுகிறதா இல்லையா என்றுகூட அவருக்குப் புலப்படவில்லை. தலைவர் எழுத்தரைக் கூப்பிட்டு உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார்.

“சாட்சியத்தின்படி விண்ணப்பதாரரிடம் குறைபாடு ஏதும் காணப்படவில்லை. மாறாக…” என்று நிறுத்தியவர் யோசித்தார். “‘மாறாக’ வேண்டாம். அதை அடிச்சுடுங்க.”

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்ததும் அவள், “நல்லாத்தானே சொன்னேன்? கத்தி வைக்க மாட்டாங்கல்ல? ஏன் எல்லாரும் உங்களை அப்படி ஒரு மாதிரியாப் பார்த்தாங்க?” என்று கேட்டாள்.

எதிரில் இருந்த ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே அவர் எல்லாவற்றையும் சொன்னார். கதவைச் சாத்திய டாக்டரைச் சொன்னார், மைக்கைச் சொன்னார், சிவப்புக் கோட்டைச் சொன்னார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்திலிருந்து ஒரு விக்கல் மாதிரி வந்தது. பார்த்தால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பெஞ்சு அதிர அதிரச் சிரித்தாள். “மரம்… புதர்…” என்று சொல்ல முயன்று முடியாமல் மறுபடி சிரித்தாள். அவருக்கும் மீசை துடித்தது. அவள் கண்ணைத் துடைத்தாள். துடைத்தவள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“இத்தனை வருஷத்துல ஒரு நாள் நான் உங்களை ஏன்னு கேட்டிருக்கேனா?”

“இல்ல.”

“அண்ணி என்னைச் சொல்றப்பல்லாம் நான் வாயைத் திறந்தேனா?”

“திறக்கல. அதுக்குத்தான் விண்ணப்பம் போட்டதே. சீல் வெச்ச காகிதம் ஒண்ணு வந்துட்டா அக்கா முன்னால வெச்சிடலாம், படிச்சுக்கட்டும்னு நினைச்சேன். என் வாயால வரமாட்டேங்குது.”

“பீரங்கி வெடிச்சீங்களே, அப்பல்லாம் பயம் வரலையா?”

“அதுக்கு ஆர்டர் குடுக்க மேல ஒருத்தர் இருப்பார். சுடுன்னா சுட்டுத்தான் ஆகணும்.”

அவள் எழுந்து நின்று முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப நான் குடுக்கறேன் ஆர்டர். அடுத்த விசாரணையில நீங்க சொல்றீங்க. அண்ணியைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு.”

சங்கச் செயலாளர் நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அயரவில்லை. “இதுக்கு மேல ஒரு குழு இருக்கு. அங்க போவோம். இந்தத் தடவை எதையும் விடல. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் உங்க உடம்புல இருக்கற அத்தனைக்கும் தனித்தனியா ஒரு மனு தட்டி விட்டுட்டேன்.”

“உச்சந்தலைக்கு என்ன?”

“இருக்கட்டுமே. போட்டு வைப்போம்.”

சில வாரம் கழித்து அவரே வீடு தேடி வந்தார். “மேல்முறையீடு வந்துடுச்சு. நாளைக்கு விசாரணை. மாடி அறை” என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி அக்காவுக்குப் போன் போட்டு வரவழைத்தாள். எதற்கென்று சொல்லவில்லை. மச்சினனும் கிளம்பினான். கிட்னி கொடுக்கிறவன் கட்டாயம் இருக்கவேண்டும் என்று அவனுக்கு ஓர் எண்ணம். நாலு பேருமாக மாடியேறி அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

இந்தக் குழுவின் தலைவர் நரைத்த தலையும் தடிக் கண்ணாடியுமாக ஓர் அம்மாள். பக்கத்தில் ஒரு டாக்டர், இன்னொரு உறுப்பினர். டாக்டருக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் எஃகினால் ஆன ஒரு சாமான் வைத்திருந்தது. ஒரு கைப்பிடி, அதிலிருந்து நீண்டு நிற்கும் இரண்டு விரல்கள். பளபளவென்றிருந்தது. பீரங்கிக்காரருக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அதை வைத்து எங்கே என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பார்த்தார். கால்களை ஒட்டி வைத்துக்கொண்டார்.

“இந்தக் குறை எப்ப இருந்து?” என்று அம்மாள் ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, உரக்க, வாயை நன்றாகத் திறந்து கேட்டார். இத்தனை நாளாக எல்லோரும் மென்று விழுங்கிய சமாச்சாரத்தை ஒருவர் இவ்வளவு பளிச்சென்று கேட்பது பீரங்கிக்காரருக்குப் பெரிய மரியாதையாகவே பட்டது.

“பணியில இருக்கும்போதே வந்துதும்மா. அதுக்கு முன்னால நல்லா இருந்துது.”

“எந்தப் பக்கம் அதிகம்?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. முதுகில் அடிபட்ட இடத்தைக் கேட்கிறார்கள் என்று ஊகித்துக்கொண்டார். “இடது பக்கம்மா. லாரி அந்தப் பக்கமாத்தான் கவிழ்ந்துது.”

டாக்டர் குறித்துக்கொண்டார். பிறகு எழுந்து பீரங்கிக்காரரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். அங்கே என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. மனைவி கணவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மாள் கையைக் காட்டி அடக்கிவிட்டார். திரும்பிப் பார்க்கலாமா கூடாதா என்று புரியாமல் பீரங்கிக்காரர் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் திரும்பி வந்து, உதட்டைப் பிதுக்கி, எதையோ எழுதினார்.

“இதனால வீட்டுல என்னம்மா கஷ்டம்?” என்று அம்மாள் மனைவியைக் கேட்டார்.

அவள் எழுந்தாள். போன தடவை மாதிரி இல்லை. நிதானமாக இருந்தாள்.

“பக்கத்துலதான் இருப்பார்ம்மா. ஆனா ஆசையாக் கூப்பிட்டா, கேக்காத மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிக்குவார்.”

‘கேக்காத மாதிரி’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே டாக்டர் எழுதினார்.

“முதல்ல வேணும்னேதான் பண்றார்னு நினைச்சேன். கோவம் வரும். மனசுக்குள்ளயே சண்டைகூடப் போட்டிருக்கேன். அப்புறம் புரிஞ்சுது, இவரால முடியல, அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டுத்தான் இப்படின்னு.”

“நிறையப் பேர் அப்படித்தான்” என்றார் அம்மாள் ஆதரவாக. “வெளியில சொல்லவே மாட்டாங்க.”

மனைவி உட்கார்ந்தாள். கணவரின் பக்கம் திரும்பி, “ம், சொல்லுங்க” என்றாள். ஆர்டர்.

பீரங்கிக்காரர் எழுந்தார். குதிகால்கள் தாமாகவே சேர்ந்தன.

“எங்களுக்குக் குழந்தை இல்லம்மா. அதுக்குக் காரணம் இந்தக் குறைதான். என் பொண்டாட்டிகிட்ட ஒண்ணுமே இல்ல. இதோ இருக்காங்களே, எங்க அக்கா, இத்தனை வருஷமா அவளைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. அவங்களுக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டிருந்தேன். இது குறை இல்ல, காயம்னு ஒரு டாக்டர் சொன்னார். காயம்தான்னா அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். அவளும் என்கூடவே அந்தப் பள்ளத்துல கிடந்தா. அவளுக்கு யாரும் மருந்து போடல.”

சொல்லி முடித்தார். உட்காரவில்லை.

தலைவர் அம்மாள் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். மூன்றாமவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“நானும் எத்தனையோ விசாரணை பண்ணியிருக்கேன்” என்றார், அதே உரத்த குரலில். “இந்த ஒரு குறையினால குடும்பத்துல இவ்வளவு கஷ்டம் வரும்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாதுப்பா. அனுமதிக்கிறோம். போயிட்டு வாங்க.”

வெளியே தாழ்வாரத்துக்கு வந்தார்கள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பேச்சு வராமல் யாரும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா கையை நீட்டி, அவள் தோளில் தொங்கிய பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“கனமா இருக்கு. நான் தூக்கிக்கறேன். நீ சும்மா வா.”

மச்சினன் மாமாவின் அருகில் வந்து தயங்கினான். “அப்ப மாமா… கிட்னி?”

“ரெண்டையும் நீயே வெச்சுக்கோ மாப்ளே.”

அவன் முகத்தில் நிம்மதியும் ஏமாற்றமும் சேர்ந்து வந்தன. மனைவி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். பீரங்கிக்காரர் மூச்சை இழுத்து விட்டார். பல வருஷமாக முதுகில் கட்டியிருந்த ஒரு மூட்டையை யாரோ வாரை அறுத்துக் கீழே தள்ளிவிட்ட மாதிரி இருந்தது.

அப்போது அறைக்குள்ளிருந்து அலுவலக உதவியாளர் உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு வந்தார். பீரங்கிக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“இந்த ஒரு கேஸுக்காக எவ்வளவு அலைச்சல் தெரியுமா? எல்லார் முன்னாலயும் சொல்லவே முடியாத விஷயம். ஆனா இன்னைக்குச் சொல்லிட்டேன்” என்றார் தழுதழுத்து.

உதவியாளர் குழப்பத்தோடு அவரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

“என்னது?” என்று குனிந்தார் பீரங்கிக்காரர்.

உதவியாளர் அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில் வந்து, தாழ்வாரமே எதிரொலிக்கும்படி கத்தினார்:

“அந்தக் கேஸுக்கு முதுகு டாக்டர் சீட்டைப் பார்த்தே போன வாரம் அனுமதி போட்டுத் தபால்ல அனுப்பிட்டோமே சார், இன்னைக்கு உங்களைக் கூப்பிட்டது காது கேக்காததுக்கு!”